பச்சையிலேயே நின்ற திரை

ஏரிக்கரை நகரமான கிசுமுவில், ஏரியைப் பார்த்த அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் அகோத் கணினியையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். மீனவர்களுக்காக அவள் செய்த காற்று எச்சரிக்கைச் செயலியின் சர்வரில் அபாயம் என்ற 'சிவப்பு' வந்து அரைமணி ஆகிவிட்டது. அவள் கையிலிருந்த போனிலோ இன்னும் பச்சை. ஏரிக்கு மேலே வானம் கரிச்சட்டியாகக் கறுத்துக் கிடந்தது.

எங்கே பிசகியது என்று தேடவே வேண்டாம், அவள் கைவரிசைதான். லேசாகக் காற்று அசைந்தாலும் திரை முழுவதும் புதிதாக வரையப்பட்டு, மீனவர்களின் மலிவு போன்கள் சூடேறிச் செத்துக்கொண்டிருந்தன. பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று, பழைய நிலையும் புதிய நிலையும் வேறுபட்டால் மட்டும் வரை என்று போன வாரம் ஒரு நிபந்தனை போட்டாள். நல்ல யோசனைதான். ஆனால் புதியதைத் தனியாக வைக்காமல் பழையதன் மேலேயே எழுதித் தொலைத்தாள், புத்திசாலி! பிறகு எதை எதோடு ஒப்பிடுவது? தன்னைத் தன்னோடே ஒப்பிட்டுப் பார்த்து, ஒன்றும் மாறவில்லை என்று திரை சும்மா இருந்துவிட்டது.

இப்போது திருத்தி அனுப்பினாலும் நடு ஏரியில் யார் அதை இறக்கிக்கொள்ளப் போகிறார்கள்? அவள் தம்பி ஒகேயோவும் அங்கேதான் இருந்தான். அவனை அழைத்தாள்.

"திரும்பிடுடா! பேய்க்காத்து வருது!"

"யாருக்கா சொன்னா? பச்சைன்னு போட்டிருக்கே. நீ செஞ்சதுதானே!"

"அது பொய்டா. தப்பு என்னோடது. செயலிய முழுசா மூடிட்டுத் திற, அப்பத்தான் திரைய புதுசா வரையும்."

"வலைய இறக்கிட்டிருக்கோம், இப்பப் போயி..."

"அம்மா மேல சத்தியமாச் சொல்றேன், திறந்து பாருடா!"

அவன் போனைத் தட்டும் சத்தம் கேட்டது. "சிவப்புக்கா," என்றான். குரலில் கேலி செத்துப்போயிருந்தது. "வலைய அறுத்துட்டுத் திரும்புறோம்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அக்கா, நம்ம ஊர் ஒலூச்சோட படகு இன்னும் ஏரிக்குள்ள போகுது. கத்துறேன், நம்ப மாட்டேங்கிறாங்க. போனைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறாங்க."

"நான் அவங்களக் கூப்பிடுறேன். நீ கரைக்கு வா!"

"இந்த இரைச்சல்ல போன் மணி எங்க கேக்கும்? கிட்டப் போய்ச் சொல்லிட்டு வந்துடுறேன்."

"வேண்டாம்டா! ஒகேயோ!"

இஞ்சின் உறுமியது. "உன் திரைய நம்பித்தானேக்கா போறாங்க," என்றான்.

அதற்குப் பிறகு அவள் எத்தனை முறை அழைத்தும் இணைப்பு கிடைக்கவில்லை.