ரயில்வே சுவரில் இல்லாத வாசல்

இப்போதெல்லாம் ஜனங்கள் "சாப்டியா" என்று கேட்பதற்கு முன்னால் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்பது கிதர் முகம்மதுவின் புகார். அன்றைக்கும் அப்படித்தான். மதியச் சாப்பாடு முடிந்து தோல் சரக்கு அடுக்கிய கிட்டங்கியைத் திறந்து உட்காரக்கூட இல்லை. தெருச் சங்கச் செயலாளர் அசோக்குமார் பத்திரமும் மை டப்பாவுமாக வந்து நின்றார்.

"பாய், ஒரு கைநாட்டு. தெருவே தப்பிச்சிரும்."

புது ரோடும் சாக்கடையும் போட்ட மாநகராட்சி, அந்தச் செலவைத் தெருவின் இருபக்கத்துக்காரர்களுக்கும் நீளத்தை அளந்து பிரித்திருந்தது. ஒரு பக்கம் முழுக்க ரயில்வே சுவர். பாதிப் பங்கு ரயில்வேக்கு. சுவரில் வாசலே இல்லை, இந்த ரோட்டால் எங்களுக்குப் பிரயோசனமும் இல்லை என்று ரயில்வே கோர்ட்டுக்குப் போய்விட்டது. அது ஜெயித்தால் மொத்தமும் எதிர்ப்பக்கத்துப் பதினான்கு கட்டடங்களின் தலையில். கிதர் முகம்மது கிட்டங்கியை விற்றுத்தான் கட்ட வேண்டும்.

வாசலோ கண்ணெதிரே இருந்தது, தகரக் கதவோடு. அதைத் தள்ளிக்கொண்டு ரயில்வே ஊழியர் பொன்னுத்துரை டீ குடிக்க வந்தார்.

"வாங்க, இல்லாத வாசல் வழியா வாரவரே," என்றார் கிதர் முகம்மது. "நீங்க ஒரு கையெழுத்துப் போடுறீகளா?"

"எனக்குப் பென்சன் வேணும் பாய்." அவர் புது ரோட்டில் நடந்து போனார்.

ரயில்வேயின் ஆதாரமே இந்தத் தெரு கொடுத்ததுதான். எட்டு வருசத்துக்கு முன்னால், தண்டவாளத்தைக் கடந்ததற்கு ரயில்வே அபராதம் போட வந்தபோது, 'சுவரில் வழியே கிடையாது' என்று பதினான்கு பேரும் எழுதிக் கொடுத்தார்கள். எழுதியவர் அசோக்குமார். முதல் கைநாட்டு கிதர் முகம்மதுவுடையது.

"இதுல என்ன எழுதிருக்க? படி," என்றார் கிதர் முகம்மது.

"வாசல் எப்பவும் இருக்குன்னு."

"அன்னைக்கி இல்லைன்னு சொன்னது?"

"அப்படிச் சொல்லவே இல்லைன்னு போட்டிருக்கேன்."

"அன்னைக்கிப் பொய் சொன்னோம்னு ஒரு வரி எழுது அப்பு. வெரல வைக்கிறேன்."

"வக்கீல் ஒத்துக்கிற மாட்டாரு பாய். கேசு நம்ம மேலயே திரும்பும்."

கிதர் முகம்மது கட்டைவிரலை மடக்கிக்கொண்டார்.

"அந்தப் பொய் அபராதத்த மிச்சம் பண்ணிச்சு. இப்பக் கிட்டங்கியக் கேக்குது. இந்தப் பொய் என்னத்தக் கேக்குமோ."

"நம்புங்க பாய், ஜெயிச்சிருவோம்."

"அன்னைக்கும் நம்பத்தான் சொன்ன."

மை டப்பாவை மூடி அசோக்குமாரின் கையில் வைத்தார். பிற்பகல் அசர் தொழுகைக்கு நேரமாகியிருந்தது. பள்ளிவாசல் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். எட்டு வருசமாக இல்லாத தகரக் கதவைத் தள்ளி, தலையைக் குனிந்து நுழைந்தார். பின்னால் அசோக்குமார் இன்னும் என்னவோ விளக்கிக்கொண்டிருந்தார். கிதர் முகம்மது திரும்பிப் பார்க்கவில்லை.