கோல்ஃப்பைப் பிரபலமாக்கிய பல் டாக்டர்

1

இந்தக் கதை ஒரு போன் அழைப்பில் தொடங்கியது. விளையாட்டு இதழ் ஒன்றின் ஆசிரியர் அழைத்து, "சார், கோல்ஃப் இவ்வளவு பிரபலமானதுக்கு எந்தெந்த வீரர்கள் காரணம்னு ஒரு கட்டுரை வேணும். உங்களுக்குத்தான் கோல்ஃப் அத்துப்படியாச்சே" என்றார். அப்படி அவரிடம் யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. ஒரு குழி உண்டு, ஒரு பந்து உண்டு, இரண்டும் வெகுதூரத்தில் இருக்கும். என் ஞானம் அத்தோடு சரி. ஆனால் "தெரியாது" என்ற சொல் எழுதுகிறவன் வாயில் லேசில் வராது. அன்றைக்கு வாயைத் திறப்பதே பெரும்பாடாக இருந்தது, கடைவாய்ப் பல் வலி. "ம்" என்றேன். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

உட்கார்ந்து எழுதினேன்:

"மைதானத்துப் புல்லைப் பராமரித்தவரின் மகன் ஒருவர், தொலைக்காட்சிப் பெட்டி வீடுகளுக்குள் நுழைந்த காலத்தில் தானும் அதோடு சேர்ந்து நுழைந்து..."

[நிறுத்திவிட்டேன்.]

"உனக்கு இங்கே இடமில்லை என்று சொல்லப்பட்ட நிறத்தில் பிறந்து, வாசலில் நின்றவர்களையெல்லாம் தன் பின்னால் உள்ளே அழைத்துவந்த இன்னொருவர்..."

[இதையும்.]

எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. அவர்கள் பெயரெல்லாம் உங்கள் போனிலேயே கிடைக்கும், அதற்கு நான் எதற்கு? என் சந்தேகம் வேறு. மட்டையையே தொட்டிராத ஒருவன் ஞாயிற்றுக்கிழமை காலையில் தூக்கத்தை விட்டு எழுந்து மைதானத்துக்குப் போகிறான் என்றால் அவனைக் கிளப்பியது யார்? அபாரமாக ஆடுபவரா? என் அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. அபாரமாகப் பாடுபவர்களைக் கேட்டபோதெல்லாம் நான் வாயை மூடிக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரர் குளியலறையில் கர்ணகொடூரமாகப் பாடியதைக் கேட்ட பிறகுதான் எனக்கும் பாடத் தைரியம் வந்தது.

அந்த இடத்தில் கட்டுரை என் கையை விட்டுப் போய்விட்டது.

2

முதல் தொடக்கம்: "புல்வெளியின் மேல் பனி முத்துமுத்தாக..."

வேண்டாம். துடைத்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: "அந்த ஊரிலேயே மிக மோசமாக கோல்ஃப் ஆடியவர் ஒரு வக்கீல்."

இது பரவாயில்லை. ஆனால் வக்கீல் வாயைத் திறந்தால் மூடுவதாக இல்லை. எல்லாத் தப்பான அடிக்கும் ஒரு வாதம் வைத்திருந்தார். அவரைத் தூக்கிவிட்டு என் பல்லைத் தடவியபடி யோசித்தேன்.*

மூன்றாவது தொடக்கம்: "அந்த ஊரிலேயே மிக மோசமாக கோல்ஃப் ஆடியவர் ஒரு பல் டாக்டர்."

* இலக்கியத்தில் பாத்திரங்கள் எங்கிருந்து பிறக்கின்றன என்று கேட்பவர்களுக்கு: கீழ்த்தாடை, இடது பக்கம், கடைசிக்கு முந்தியது.

3

ஆனால் கதை டாக்டருடையது இல்லை, அவருக்கு ஆடக் கற்றுக்கொடுத்தவளுடையது. அவளை எல்லாரும் கோச்சம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

கோச்சம்மாவின் மைதானம் சின்னது. ஒரு பக்கம் பஸ் நிறுத்தம், ஒரு பக்கம் சலவைக்காரம்மா துணி காயப்போடும் இடம், இன்னொரு பக்கம் அடுக்குமாடி வீடுகள். ஓர் ஓரத்தில் ஒற்றை அறை. அதில் கதவு சாத்தாத அலமாரி, சொட்டும் குழாய், சுவர் நிறைய உலகப் பெரும் வீரர்களின் படங்கள். (கட்டுரைக்காக நான் எழுதி அடித்தவர்கள் எல்லாரும் அங்கே தொங்குகிறார்கள். எழுதியது வீண்போகவில்லை.) கோச்சம்மா வாராவாரம் அவர்களைத் துடைத்துவைப்பாள். அவர்களைப் பார்த்து ஓர் ஆள்கூட ஆட வந்ததில்லை. மழைக்கு ஒதுங்கியவர்கள்கூட, "இது பெரிய இடம்பா" என்று சொல்லிக்கொண்டு நனையப் போய்விட்டார்கள். நகராட்சி ஆட்கள் வந்து, மைதானத்தைக் கார் நிறுத்துமிடமாக்கப் புல்லின் மேல் வெள்ளைக் கோடுகள் போட்டுவிட்டுப் போனார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பல் டாக்டர் சேர்ந்தார். முதல் பந்தை அடித்தார். அது வலப்பக்கம் வளைந்து சலவைக்காரம்மாவின் போர்வைக்குள் போய்ச் சுருண்டுகொண்டது. அடுத்த பந்து பஸ் ஜன்னல் வழியே ஏறி, கடைசி நிறுத்தம் வரை போய், கண்டக்டர் கையில் திரும்பி வந்தது. மூன்றாவது, மாடி வீட்டுக்காரர் ஒருவரின் சாம்பாரில் விழுந்தது. [சாம்பாரை அடித்துவிட்டேன். "குழம்பில்" என்று வைத்துக்கொள்ளுங்கள். இல்லை, அதுவும் வேண்டாம், "அடுப்பில் இருந்த பாத்திரத்தில்."]

டாக்டர் எதையும் வேண்டுமென்று செய்யவில்லை. ஒவ்வொரு முறையும் நேரே பார்த்து, மூச்சை இழுத்து, முழு நம்பிக்கையோடு அடித்தார். பந்து முழு நம்பிக்கையோடு வலப்பக்கம் போனது.

பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் பஸ் வந்தும் ஏறவில்லை. அடுத்த ஞாயிறு அவர்கள் உறவினரோடு வந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு தலைக்குப் பாதுகாப்பாக ஆளுக்கொரு பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். அண்டா, வாணலி, குண்டான் என்று கிடைத்ததெல்லாம் வந்தது. (நீங்களும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.)

பிறகுதான் அதிசயம் நடந்தது. முடிதிருத்துபவர் ஒரு நாள் வேலியைத் தாண்டி உள்ளே வந்து, "இவரே ஆடறாருன்னா நான் ஆடக் கூடாதா?" என்று கேட்டார். கண்டக்டர் வந்தார். சலவைக்காரம்மா தன் மாமியாரையும் கூட்டிக்கொண்டு வந்தாள், மாமியார் மருமகளை விட நன்றாக அடித்தார். மைதானத்தில் நிற்க இடமில்லை. இத்தனை பேர் மிதித்ததில் வெள்ளைக் கோடுகள் அழிந்தே போயின, திரும்பப் போட யாரும் வரவில்லை.

4

இந்தப் பகுதியில் வருபவரை நான் அழைக்கவில்லை. டாக்டரின் பந்தில் மாடி வீட்டு ஜன்னல் கண்ணாடி உடைந்தால் கண்ணாடிக் கடைக்காரர் வருவார் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். வந்தவர் சும்மா இருக்கவில்லை. என் அனுமதி இல்லாமலே மைதானத்துக்கு ஒரு சங்கம் அமைத்து அதற்குச் செயலாளராகிவிட்டார்.

"கோச்சம்மா, அந்தச் சுவர்ல ஒரு ஆணி காலியா இருக்கு பாருங்க. நம்ம டாக்டர் படத்தை மாட்டணும். கோல்ஃப்பை இந்த அளவுக்கு மக்கள்கிட்ட கொண்டுபோனவர் உலகத்துலயே இவர் ஒருத்தர்தான்."

"அண்ணே, அவருக்கு ஒரு பந்துகூட நேராப் போனதில்லண்ணே."

"நேராப் போனவங்கதான் இத்தனை பேர் மாட்டியிருக்காங்களே. அவங்களால இந்த ஊர்ல எத்தனை ஜன்னல் உடைஞ்சுது?"

கூட்டம் வந்ததில் கோச்சம்மாவுக்குச் சந்தோஷம்தான். ஆனால் வெட்கமும் இருந்தது. ஊரே பார்க்க வருவது அவள் மாணவரை, ஊரே சிரிப்பது அவள் சொல்லிக்கொடுத்ததைப் பார்த்து. டாக்டரின் நிற்பு சரி, தோள் சரி, பார்வை சரி. எங்கே கோணுகிறது என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை.

5

எனக்கு வலித்தது. அதனால் கோச்சம்மாவுக்கும் வலித்தது. அவளை டாக்டரின் சாய்வு நாற்காலியில் படுக்கவைத்தேன்.

மரத்துப்போகும் ஊசி போட்டு, எச்சில் உறிஞ்சும் குழாயை உதட்டோரம் மாட்டிவிட்டு டாக்டர் சொன்னார்: "வாயை நல்லாத் தொறங்க. அப்படித்தான். கோச்சம்மா, உங்ககிட்ட ஒண்ணு பேசணும். நீங்க பதில் சொல்ல வேண்டாம், முடியாது."

"ஆ."

"ஞாயித்துக்கிழமை என் பொண்ணு வர்றா. அவ ஆபீஸ்ல யாரோ போன்ல நான் பந்து அடிக்கற வீடியோவைக் காட்டிச் சிரிச்சிருக்காங்க. இது எங்கப்பான்னு அவ சொல்லலையாம். சொல்லாம விட்டுட்டேனேப்பான்னு போன் பண்ணி அழறா."

"ஆ."

"சிரிக்கறாங்கன்னு எனக்குத் தெரியாம இல்ல. நான் பல் டாக்டர். யாரைப் பார்த்தாலும் பல்லைத்தான் முதல்ல பார்ப்பேன். அந்தக் கூட்டத்துல பாதிப் பேருக்குச் சொத்தை." இடுக்கியை எடுத்தார். "ஒரே ஒரு பந்து. அவ பார்க்கறப்போ ஒரே ஒரு பந்து நேராப் போனாப் போதும். வலிக்குதா?"

இல்லை என்று அவள் தலையை ஆட்டினாள். டாக்டர் பல்லைப் பிடித்தார், லேசாக அசைத்தார், மூச்சை இழுத்தார். கடைசி நொடியில் அவர் மணிக்கட்டு வலப்பக்கம் சட்டென்று ஒரு திருப்புத் திருப்பியது.

"முடிஞ்சுது. பல்லு வந்தாச்சு" என்றார். சொன்னதும் அவர் கை தளர்ந்தது, தோள் இறங்கியது.

கோச்சம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். இதே திருப்பு, இதே கடைசி நொடி. இத்தனை நாளாக அந்த மனிதர் மைதானத்தில் நின்று பந்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். பல் வந்தாச்சு என்று முன்கூட்டியே தெரிந்தால் அந்தக் கை திரும்பாது. மருந்து அந்த ஒரு வரிதான்.

"ஆ, ஆ" என்று கத்தினாள்.

"பஞ்சைக் கடிச்சுக்குங்க. ஒரு மணி நேரம் வாயைத் தொறக்கக் கூடாது" என்றார் டாக்டர்.

6

அந்த ஒரு மணி நேரத்துக்குள் கண்ணாடிக் கடைக்காரர் அவளைப் பிடித்துவிட்டார். மைதான அறையில், வாயில் பஞ்சோடு, அவள் கை ஜாடையில் டாக்டரின் மணிக்கட்டைச் செய்துகாட்டினாள். புத்திசாலி, உடனே புரிந்துகொண்டார். புரிந்ததும் முகம் வெளுத்துப்போனார்.

"கோச்சம்மா, ஒரு தடவை நேராப் போன கை அப்புறம் கோணுமா?"

இல்லை என்று தலையசைத்தாள்.

"அப்போ சாதாரண ஆட்டக்காரர் ஆயிடுவாரு. அவரைப் பார்க்க எவன் வருவான்? ஆறு மாசத்துல இங்க கார் நிக்கும். நீங்க எங்க நிப்பீங்க?"

பஞ்சை எடுத்த பிறகும் அவள் டாக்டரிடம் சொல்லவில்லை. வாரம் முழுக்க அவர் மாலையில் பயிற்சிக்கு வந்து, "ஏதாவது சொல்லணுமா கோச்சம்மா?" என்று கேட்டார். "காலைக் கொஞ்சம் அகட்டி வைங்க" என்றாள். அகட்டினார். "முழங்காலை மடக்குங்க" என்றாள். மடக்கினார். எதற்கும் உதவாத அந்தப் பேச்சை அவர் வேதவாக்காக எடுத்துக்கொண்டது அவளுக்கு நெஞ்சை அறுத்தது.

7

இதழாசிரியர் போன் செய்தார். "கட்டுரை எந்த அளவுல இருக்கு சார்?"

"ஒரு வீரர் வந்திருக்கார்."

"மத்தவங்க?"

"சுவர்ல இருக்காங்க."

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: கோச்சம்மா வாயைத் திறக்கவில்லை. பந்து வலப்பக்கம் போய் ஜன்னலை உடைக்கிறது. ஊர் கொண்டாடுகிறது. மகள் பாத்திரத்துக்குள் முகத்தை மறைத்துக்கொள்

[போதும்.]

இரண்டாவது முடிவு: சொல்லிவிடுகிறாள். பந்து நேராகப் போகிறது. கூட்டம் பாத்திரங்களை இறக்கிக்கொண்டு சமைக்கப் போய்விடுகிறது. மைதானத்தில் முதல் கார் வந்து நிற்கிறது.

மூன்றாவது முடிவு: பந்து பஸ் மேல் பட்டு, போர்வையில் பட்டு, கண்ணாடிக் கடைக்காரர் வழுக்கையில் பட்டு, உருண்டு குழிக்குள் விழுகிறது. எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள்.

மூன்றையும் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். அவள் மூன்றாவதுக்குச் சிரித்தாள். பிறகு, "ஏங்க, பந்து எங்க போச்சுன்னே எழுதறீங்களே, அந்தக் கோச்சம்மா மனசு எங்க போச்சு?" என்றாள்.

"அது பந்து விழுந்தாத்தானே தெரியும்?"

"அவளுக்கு அதுக்கு முன்னாடியே தெரியும். நீங்க முதல்ல அந்தப் பல்லைப் போய்ப் பிடுங்கிட்டு வாங்க."

8

ஞாயிற்றுக்கிழமை. டாக்டர் பந்தின் முன்னால் நிற்கிறார். வேலியோரம் பாத்திரங்களின் வரிசை. நடுவில் ஒரு பெண், அப்பா வீட்டு வாணலியைத் தலையில் பிடித்துக்கொண்டு, யார் மகள் என்று பக்கத்தில் யாருக்கும் தெரியாமல் நிற்கிறாள். கண்ணாடிக் கடைக்காரர், டாக்டரின் படத்தைச் சட்டம் போட்டுக் கையில் தயாராக வைத்திருக்கிறார்.

"ஏதாவது சொல்லணுமா கோச்சம்மா?"

கோச்சம்மா சலவைக்காரம்மாவின் மாமியாரைப் பார்த்தாள். அவர் ஓரமாக நின்று மட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெள்ளைக் கோடுகள் இருந்த இடத்தைப் பார்த்தாள். நீங்க எங்க நிப்பீங்க. அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்காமல் நிற்பதற்குக் கோச்சம்மா என்று ஒரு பெயர் எதற்கு? நாக்கு தானாகப் பல் இருந்த பள்ளத்தைத் தொட்டுப் பார்த்தது.

அருகில் போய், அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"பல்லு வந்தாச்சு, டாக்டர்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு தன் மணிக்கட்டைப் பார்த்தார். தோள் இறங்கியது. அடித்தார்.

சத்தமே வேறாக இருந்தது. அந்தச் சத்தத்தைத் தெரிந்தவள் அங்கே கோச்சம்மா ஒருத்திதான். பந்து மேலே போனது. பழக்கதோஷத்தில் பாத்திரங்கள் எல்லாம் வலப்பக்கம் திரும்பின. ஒரு வாணலி மட்டும் கீழே இறங்கியது. டாக்டரின் மகள் வெறுந்தலையோடு, அண்ணாந்து பார்த்தபடி, "அது எங்கப்பா" என்றாள்.

9

பந்து இன்னும் மேலேதான் இருக்கிறது. அதை இறக்க நான் மாட்டேன்.

இதழாசிரியர் மறுபடி அழைத்தார். கோல்ஃப்பைப் பிரபலமாக்கிய வீரர் யார் என்று இன்றைக்குள் தெரிய வேண்டுமாம். அந்தப் பந்து விழுந்த பிறகும் ஜனங்கள் அடுத்த ஞாயிறு வருகிறார்களா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றேன். இந்த முறை வலி இல்லாமல், வாயைத் திறந்து, முழு வாக்கியமாகவே சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார்.

நீங்களும் அந்தக் கூட்டத்தில்தான் நிற்கிறீர்கள். மூன்றாம் பகுதியிலேயே ஒரு பாத்திரம் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். அதைத் தலையிலேயே வைத்திருப்பதா, இறக்குவதா என்பது இனி உங்கள் பாடு.