மாமாவுக்கு மட்டும் தெரியாத வார்த்தை

மருந்துக் குப்பி நிரப்பும் அறைக்குள் போகிறவர்கள் கைப்பேசியை வெளியே பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். தலைக்கு உறை, வாய்க்கு உறை, கைக்கு உறை, செருப்புக்குக்கூட உறை. உள்ளே போய்விட்டால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. வீடு பற்றி எரிந்தாலும் சாப்பாட்டு மணி அடித்த பிறகுதான் சேதி வந்து சேரும். சிட்டுவின் அம்மா அந்த அறையில் பழம் தின்று கொட்டை போட்டவள். மணி அடித்தால் அவசரமே இல்லாமல் உறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டு வருவாள்.

அன்றும் அப்படித்தான் வந்தாள். பெட்டியைத் திறந்தால் கைப்பேசி முழுக்கத் தவறிய அழைப்புகள். பள்ளியிலிருந்து, தம்பியிடமிருந்து, மறுபடியும் பள்ளியிலிருந்து. அதற்கு மேலே பெற்றோர் குழுவில் யாரோ போட்ட ஒரு வீடியோ. 'ஸ்கூல் கேட்டில் பிள்ளை பிடிக்கிறவன் மாட்டினான்' என்று அதற்குத் தலைப்பு வேறு.

தொட்டுப் பார்த்தாள். நாலைந்து பேர் ஒருவனைச் சுற்றி நின்று மொத்திக்கொண்டிருந்தார்கள். அவன் இரண்டு கையாலும் தலையை மறைத்துக்கொண்டு, "அய்யோ, நான் அவ மாமாங்க, சொல்றதக் கேளுங்க" என்று கத்திக்கொண்டிருந்தான். முகம் சரியாகத் தெரியவில்லை. குரல் தெரிந்தது. அந்தக் குரல் மழலை பேசிய நாளிலிருந்து அவள் காதில் விழுந்த குரல்.

வீடியோவுக்குக் கீழே பாராட்டு மழை. 'குழந்தைன்னா இப்படி இருக்கணும்.' 'என்ன தைரியம்.' 'சிட்டு அம்மாவுக்குத்தான் இந்தப் பெருமையெல்லாம் சேரும்.' அந்தக் குழுவில் பெண்களுக்கு யாருக்கும் சொந்தப் பேரே கிடையாது, எல்லாரும் யாரோ ஒருவரின் அம்மாதான். பேரைத்தான் இழந்தார்கள், புத்தியையாவது வைத்திருக்கக் கூடாதா?

நடந்தது விளங்க வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அந்தப் பள்ளியில் பெற்றோர் கூட்டம் ஒன்று நடந்தது. குழந்தைகளின் பாதுகாப்பைப் பற்றி. ஒரு அப்பா எழுந்து, கையில் கட்டினால் பிள்ளை இருக்கும் இடத்தைக் காட்டும் கடிகாரத்தைப் பள்ளியே எல்லாருக்கும் வாங்கித் தர வேண்டும் என்றார். இன்னொருவர் எழுந்து, "நாமெல்லாம் தெருத்தெருவா சுத்தித்தானே வளர்ந்தோம், நமக்கு என்ன கெட்டுப்போச்சு?" என்றார். "உங்களுக்கு ஒண்ணும் ஆகல, ஆனவங்க வெளிய சொல்லல" என்று பின்னால் இருந்து ஒரு அம்மா போட்டாளே ஒரு போடு, அதோடு அந்த மனுஷர் உட்கார்ந்தவர்தான்.

பேச வந்திருந்த ஆலோசகர் அம்மாள் எல்லாரையும் பேசவிட்டுவிட்டு மெதுவாக ஆரம்பித்தார். "தெரியாதவங்களைப் பத்தியே பேசிட்டிருக்கீங்க. என்கிட்ட வர்ற குழந்தைகள்ல முக்கால்வாசிப் பேருக்குத் தெரிஞ்சவங்களாலதான் கஷ்டம். உங்க வீட்டுக்கு வர்றவங்க, உங்க குழந்தை மடியில ஏறி விளையாடறவங்க, அவங்க முகத்தை ஒவ்வொண்ணா மனசுல கொண்டுவாங்க. எத்தனை பேருக்கு உங்களால கண்ணை மூடிக்கிட்டு உத்தரவாதம் குடுக்க முடியும்?"

பிறகு அவரே வழியும் சொன்னார். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ரகசிய வார்த்தை இருக்கட்டும். அந்த வார்த்தையைச் சொல்கிறவரோடு மட்டுந்தான் குழந்தை போக வேண்டும். வார்த்தை தெரியாமல் கையைப் பிடித்தால், அது சொந்தக்காரராகவே இருந்தாலும், 'இவர் யாருன்னே எனக்குத் தெரியாது' என்று கத்த வேண்டும். "'விடுங்க மாமா'ன்னு கத்தினா, குடும்ப விவகாரம்னு ரோட்டுல போறவங்க கண்டுக்காம போயிடுவாங்க. தெரியாதுன்னு கத்தினாதான் ஓடி வருவாங்க."

நல்ல யோசனைதான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிட்டுவின் அம்மா அன்றைக்கே மகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். 'ஒட்டகம்' என்ற வார்த்தையைத் தேர்ந்தெடுத்தது சிட்டுதான். கத்திப் பழகியதும் அன்றைக்கேதான். குழந்தைக்கு அது விளையாட்டாக இருந்தது, வீடே அதிரக் கத்தியது.

கப்பலில் சமையல்காரராக இருக்கும் கணவருக்கு வார்த்தை போனது. பக்கத்து வீட்டு அத்தைக்குப் போனது. பள்ளி வேன்காரருக்கும் போனது. தம்பியின் முறை வந்தபோது அவள் நின்றாள்.

அவர்களின் அம்மா போனபோது அவனுக்குப் பால்பல்கூட விழவில்லை. மூக்கைத் துடைத்து, தலை வாரி, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு அவனை ஆளாக்கியது அவள்தான். சொல்லப்போனால் சிட்டு அவளுக்கு இரண்டாவது பிள்ளை. இப்போது அவன் ஏசி மெக்கானிக். கல்யாணம் ஆகவில்லை. லீவு கிடைத்தால் அக்கா வீட்டுக்கு வந்து, மருமகளோடு தரையில் உருண்டு புரண்டு விளையாடிவிட்டு, ராத்திரி ஹாலிலேயே படுத்துக்கொள்வான். அவன் மேல் ஒரு குற்றம் சொல்ல முடியாது. தப்பான பார்வை ஒன்று, தப்பான பேச்சு ஒன்று, எதுவுமே கிடையாது. அவளைப் போட்டு அரித்ததே அதுதான். 'எனக்கு எதுவுமே தெரியலைன்னுதான் எல்லா அம்மாவும் சொல்றாங்க' என்று அந்த ஆலோசகர் சொல்லிவிட்டுப் போயிருந்தாரே.

எதற்கு வம்பு, ஒருவர் குறைந்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது என்று நினைத்தாள். தம்பிக்குச் சொல்லவில்லை. மாமனும் மருமகளும் ஊர்க்கதை எல்லாம் பேசுகிறவர்கள் ஆயிற்றே, அதனால் சிட்டுவின் வாயையும் கட்டினாள். "தம்பிகிட்டயும் சொல்லிட்டியா?" என்று கணவர் போனில் கேட்டபோது, "சொல்லிட்டேன்" என்று கூசாமல் புளுகினாள்.

அதற்குப் பிறகும் அவன் வந்தான், தங்கினான். மகளை அறைக்குள் தன்னோடு படுக்க வைத்துக்கொண்டு அவள் கதவைத் தாழ் போட்டாள். கேட்டதற்கு, ஏசி குளிர் வெளியே போகிறது என்றாள். மறுநாளே அந்தப் பைத்தியக்காரன் எங்கிருந்தோ ஒரு ரப்பர் பட்டை வாங்கி வந்து, மண்டியிட்டு உட்கார்ந்து கதவின் அடியில் ஒட்டிக்கொடுத்தான். "இனிமே தாழ் போட வேண்டாம்க்கா, லேசா சாத்தினாலே போதும்" என்றான். அவள் அவனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். ராத்திரி மறுபடியும் தாழ் போட்டாள்.

அன்று என்ன ஆயிற்றென்றால், பள்ளியில் தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டது. மதியமே பிள்ளைகளைக் கூட்டிப்போகச் சொல்லி வீடுகளுக்குப் போன் போட்டார்கள். சிட்டுவின் அம்மா எடுக்கவில்லை. எப்படி எடுப்பாள்? வேன்காரர் வேறு சவாரியில் இருந்தார். பள்ளியில் சேர்த்த காலத்தில் இரண்டாவது எண்ணாகக் கொடுத்திருந்தது தம்பியின் எண். அவனிடமிருந்து வார்த்தையை மறைத்தவள் இந்த எண்ணை எடுக்கச் சொல்ல மறந்துவிட்டாள். ஆபீஸ் கிளார்க் கூப்பிட்டதும் அவன் யார் வீட்டிலோ கழற்றிப் போட்ட ஏசியை அப்படியே போட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறான்.

கேட்டில் திருவிழாக் கூட்டம். சிட்டு மாமாவைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். அப்புறம் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "வார்த்தை சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. வழக்கமாக இவள் கண்டுபிடிக்கும் புது விளையாட்டு ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டான். "ஆனையா? பூனையா? சரி, குதிரை? அதுவும் இல்லையா? பெரிய ஆளும்மா நீ, வா, வீட்டுக்குப் போய்ச் சொல்லு" என்று கையைப் பிடித்து இழுத்தான். குழந்தை சொல்லிக்கொடுத்தபடியே செய்தது. இம்மி பிசகவில்லை. அதே கூட்டத்தில் உட்கார்ந்து அதே பேச்சைக் கேட்ட அப்பாக்கள் நாலு பக்கத்திலிருந்தும் பாய்ந்தார்கள். ஒருவர் ஹெல்மெட்டாலேயே போட்டார். கிளார்க் அலறிக்கொண்டு ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவள் ஆட்டோ பிடித்துப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆபீஸ் அறையில் தம்பி உட்கார்ந்திருந்தான். ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டிருந்தது. புருவத்தில் கைக்குட்டையை அழுத்திப் பிடித்திருந்தான். அடித்தவர்களில் ஒருவர் கையைப் பிசைந்துகொண்டு பக்கத்தில் நின்று, "சார், என் இடத்துல நீங்க இருந்தா நீங்களும் இதத்தான் செஞ்சிருப்பீங்க" என்றார். தம்பி தலையாட்டினான். அதற்கும் தலையாட்டினான், பாவி.

சிட்டு மூலையில் நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அம்மாவைப் பார்த்ததும் எழுந்து வந்து, "நான் சரியாத்தானேம்மா செஞ்சேன்?" என்று கேட்டாள்.

சரி என்று சொன்னால் தம்பியின் முகம் எதிரே இருக்கிறது. தப்பு என்று சொன்னால் நாளைக்கு நிஜமாகவே எவனாவது கையைப் பிடிக்கும்போது குழந்தை வாயைத் திறக்காது. அவள் மகளின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

டாக்டரிடம் போய்ப் புருவத்தில் தையல் போட்டுக்கொண்டு மூவரும் வீடு வந்தார்கள். தம்பியால் மெல்ல முடியவில்லை. அவள் பாலை ஆற்றிக் கொடுத்தாள், அவன் உதட்டோரமாக உறிஞ்சிக் குடித்தான். சிட்டு எதிர்ச் சுவரோரமாக நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டே வரவில்லை.

"இங்க பாரு சிட்டு" என்றான் அவன். "நீ செஞ்சதுதான் சரி. மாமாவுக்குக் கொஞ்சம்கூடக் கோவம் இல்ல. நாளைக்கு யார் வந்தாலும் இதே மாதிரிதான் கத்தணும். இன்னும் சத்தமா கத்தணும். என்ன?"

குழந்தையின் உதடு துடித்தது. தலையாட்டினாள்.

"தப்பு யார் மேலன்னா, உங்கம்மா மேல. என்கிட்ட சொல்ல மறந்துட்டா. சின்ன வயசுலேர்ந்தே அவ இப்படித்தான், ஒரு தடவை என்னைக் கடையில விட்டுட்டு வீட்டுக்கு வந்துட்டா தெரியுமா?" என்று ஒரு கண்ணால் அக்காவைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தான். தையல் இழுத்தது, முகத்தைச் சுளித்தான்.

நல்ல பிள்ளை. தப்பித்துப் போக வழியையும் அவனே திறந்துவிட்டான். அவளும் பிடித்துக்கொண்டாள். "ஆமாண்டா. வேலை மும்முரத்துல சுத்தமா மறந்தே போச்சு" என்றாள்.

"இல்லையே" என்றாள் சிட்டு. பொய் சொல்லக் கூடாது என்பதும் அம்மா சொல்லிக்கொடுத்ததுதான். "மாமாகிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு நீதானேம்மா சொன்ன?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "மட்டுமா?" என்று குழந்தையிடம் கேட்டான். "அப்போ யாருக்கெல்லாம் தெரியும்?"

"அப்பாவுக்கு, பக்கத்து வீட்டு அத்தைக்கு, வேன் அங்கிளுக்கு."

"வேன் அங்கிளுக்கு" என்று திருப்பிச் சொன்னான். கோபமாகச் சொல்லவில்லை. சரியாகக் கேட்டோமா என்று பார்ப்பவனைப் போலச் சொன்னான்.

அந்த மீட்டிங்கில் இப்படிச் சொன்னார்கள், நான் உன்னை அப்படி நினைக்கவில்லை, ஒரு தாயாக யோசித்தேன் என்றெல்லாம் அவள் நெஞ்சுக்குள் வரிசையாக வந்தது. எதைச் சொன்னாலும் 'நினைத்தேன்' என்றுதான் ஆகும். நினைத்தாள்தானே? தூக்கி வளர்த்தவனை, அவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதெல்லாம் அப்படித்தானே பார்த்தாள்?

"எப்போலேர்ந்துக்கா?" என்று கேட்டான்.

"அந்தக் கூட்டத்துக்கு அப்புறம்தாண்டா. மனசு கேக்கல. எல்லாருமே…"

"அதுக்கப்புறமும் நான் இங்க வந்து படுத்தேனே." அவன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "அப்பல்லாம் நீ தூங்குனியாக்கா?"

தூங்கினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கணவனிடம் புளுகத் தெரிந்த வாய்க்கு அது பெரிய காரியமா? அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவனுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

பெரியவர்கள் பேசுவது விளங்காவிட்டாலும் ஏதோ உடைந்துவிட்டது என்று குழந்தைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை பீறிட்டு வந்தது. சிட்டு ஓடி வந்து மாமாவின் மடியில் ஏறி, கழுத்தைக் கட்டிக்கொண்டு, "சாரி மாமா, சாரி மாமா" என்று விக்கி விக்கி அழுதாள். அடிபட்ட தோளில்தான் முகத்தைப் புதைத்தாள். அவனுக்கு வலித்திருக்கும்.

அவன் அவளைக் கட்டிக்கொள்ளவில்லை. இரண்டு கையையும் குழந்தையின் மேல் படாமல் காற்றில் தூக்கிப் பிடித்துக்கொண்டான். பட்டுவிடுமோ என்று விரல்களைக்கூட விரித்து வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, வந்து புள்ளைய எடுத்துக்கோ" என்றான். "நான் தொடல."

குத்திக்காட்டிச் சொல்லியிருந்தால் தேவலை. திருப்பி நாலு வார்த்தை பேசி, சண்டை போட்டு, காலில் விழுந்தாவது முடித்திருக்கலாம். அவன் அதை நிஜமாகவே சொன்னான். இனிமேல் இந்த வீட்டில் இப்படித்தான் இருக்க வேண்டும் போலிருக்கிறது என்று தெரிந்துகொண்டவனாகச் சொன்னான்.

அவள் போய்க் குழந்தையை அவன் கழுத்திலிருந்து பிரித்து எடுத்தாள். சிட்டு வர மாட்டேன் என்று கால்களை உதறினாள். இழுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. எடுத்துத் தன் இடுப்பில் வைத்துக்கொண்ட அந்த நொடியில், அவளுக்கே தெரியாமல், நெஞ்சுக்குள் ஒரு சின்ன நிம்மதி வந்து போனது. அந்த நிம்மதியைத்தான் அவளால் இன்றைக்கு வரைக்கும் மன்னிக்க முடியவில்லை.