பிரதம அதிதிக்காக ஏறிய மலை

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. என்னிடம் கேட்டு வாங்கப்பட்டது. மாத்தளையில் தொடங்கி, மாவட்டத்தைச் சுற்றி, மாத்தளையிலேயே முடியும் நூற்றெழுபது கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டத்துக்கு ஒரு சிறப்பு மலர் வெளியிடுகிறார்கள். (பதாகையில் 'மாபெரும் நெடுந்தூர ஈருருளிப் பெருவிழா' என்றிருக்கிறது. ஈருருளி என்றால் என்னவென்று பதாகை கட்டியவரே என்னிடம் கேட்டார்.) அதற்கொரு கதை வேண்டுமென்று விழாக் குழுச் செயலாளர் விஜயரத்தினம் வீட்டுக்கு வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்து, ஓய்வுபெற்ற பின்னும் இங்கேயே தங்கி, எங்கே நாலு கதிரை போட்டு ஆட்களை உட்காரவைத்தாலும் அங்கே செயலாளராகிவிடும் மனிதர்.

"ஜஸ்லா எண்டொரு முஸ்லிம் பிள்ளை ஓடுறா. சமூகத்தின்ர எதிர்ப்பை மீறி ஓடுறா. அதை எழுதும். வாசிக்கிறவைக்குக் கண்ணீர் வரவேணும்."

"முடிவு எப்படி சேர்?"

"வெற்றிகரமா ஓடி முடிச்சிட்டா எண்டு முடியும்."

"ஓட்டம் அடுத்த மாசம்தானே?"

"மலரை ஓட்டத்துக்கு முதல் மேடையில எல்லோ வெளியிடுறம்! அதுக்குப் பிறகு முடிவு வந்து ஆருக்குப் பிரயோசனம்?"

ஆக, நடக்காததை நடந்ததென்று எழுத வேண்டும். கதைக்காரருக்கு இதுவொரு புதினமா என்பீர்கள். நான் பொய் சொன்னால் எனக்காகச் சொல்வேன். குழுவுக்காகச் சொல்லிப் பழக்கமில்லை.

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

விடியலின் பொற்கதிர்கள் தடைகளைத் தகர்த்த தங்கமகளின் தலைக்கவசத்தில்

(விட்டுவிட்டேன். அவள் பயிற்சிக்குக் கிளம்பும் நேரத்தில் எந்தக் கதிரும் எழும்பியிருக்காது.)

ஊர் எதிர்த்தது. உறவு எதிர்த்தது. ஆயினும் அவள்

(எந்த ஊர்? எந்த உறவு? பொய்க்கும் ஒரு முகவரி வேண்டுமே. தேடிக்கொண்டு அவள் வீட்டுக்கே போனேன். அவளுடைய மாமியார் நூருன்னிஸா கதவைத் திறந்தார்.)

"எதிர்ப்பா? எதிர்க்க யாருக்கு நேரமீக்கி, மகன்?" என்றார். "நாள் முழுக்க பாமசில நிக்கிற புள்ள. காலைல கொஞ்சம் ஓடிட்டு வந்தா நல்லம்தானே. ஒண்ட மட்டும் எழுதிக்கொள்ளுங்க. சேத்தோட அந்த சைக்கிள ஹோலுக்குள்ள கொண்டந்து சாத்துறாள். அத நான் வன்மையா எதிர்க்கிறேன்."*

* இதைச் செயலாளரிடம் சொன்னேன். "காணாது, இன்னும் வேணும்," என்றார். "பள்ளிவாசல் ஒண்டும் சொல்லேல்லையோ?" பள்ளிவாசல் ஓட்டக்காரர்களுக்குக் கஞ்சி காய்ச்சித் தருவதாகச் சொல்லியிருந்தது. "கஞ்சி சரிவராது," என்றார் செயலாளர்.

3

இனிக் கதை.

ஜஸ்லாவுக்கு முப்பத்து நாலு வயது. மாத்தளை நகரில் சின்னதாக ஒரு பாமசி, மருந்துக்கடை, வைத்திருக்கிறாள். சென்ற வருடமும் இந்த ஓட்டத்தில் ஓடினாள். காலை ஐந்து மணிக்குத் தொடங்கி மாலை ஐந்து மணிக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. ஐந்துக்கு முன்பே வந்து நின்றாள். பிரதம அதிதி வரவில்லை. அவர் கொடியசைக்காமல் புறப்பட்டால் பெயர் நீக்கம், அதுவும் விதி. ஆறரைக்கு வந்தார். பிறகு மங்கள விளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, பிரதம அதிதி உரை. கடிகாரம் மட்டும் ஐந்து மணிக்கே புறப்பட்டுப் போய்விட்டது. மாலையில் ஜஸ்லா பத்து நிமிடம் பிந்தி வந்து சேர்ந்தாள். அவளுடைய ஓட்ட அட்டையில் 'பூர்த்தி செய்யவில்லை' என்று எழுதிக் கையில் கொடுத்தார்கள்.

(இங்கே நான் நிதானமாக எழுத வேண்டுமாம். முடியவில்லை. முடிப்பதற்குச் சர்வதேச நேரம், தொடங்குவதற்கு அதிதியின் நித்திரை என்று எந்த நாட்டில் கடிகாரம் செய்கிறார்கள்?)

தூரம் அவளுக்குப் பெரிதல்ல. கலேவெலப் பக்கத்து வெயிலையும், யட்டவத்தை வழியாகத் திரும்பும்போது கால் கல்லாகக் கனப்பதையும் அவள் அறிவாள். அந்த அட்டையைத்தான் அவளால் செரிக்க முடியவில்லை. ஓடியவளைப் பார்த்து ஓடவில்லை என்கிறது. இந்த வருடம் 'பூர்த்தி' என்று எழுதிய அட்டையோடுதான் வீட்டுக்கு வருவது என்று அவள் முடிவு செய்தாள். ஆகவே அவள் எடுத்தது தூரத்துக்கான பயிற்சியல்ல. பிரதம அதிதி எவ்வளவு நேரம் பிந்துவாரோ, அவ்வளவு நேரத்தையும் மிதித்தே மீட்கும் பயிற்சி.

விடிய முன் ரத்தோட்டை தாண்டி ரிவர்ஸ்டன் மலை ஏற்றம். தேயிலைக்கு மேலே பனி இறங்கி நிற்கும். வளைவுகளுக்கெல்லாம் அவள் பெயர் வைத்திருந்தாள். முதலாவது மங்கள விளக்கு. அடுத்தது வரவேற்புரை, நீளம், ஆனால் சமாளிக்கலாம். பொன்னாடையில் மூச்சு வாங்கும். எல்லாவற்றிலும் செங்குத்தானது பிரதம அதிதி உரை. முடிந்துவிட்டதென்று நினைக்கும் இடத்தில் இன்னொரு தரம் ஏறும்.

கணவன் றிஸ்வான் தண்ணீர்ப் போத்தல்களோடு த்ரீவீலில் பின்னால் வருவான். பொன்னாடையில் த்ரீவீல் நின்றுவிடும்.

"நீ போ புள்ள, நான் இதத் தள்ளிட்டு வாறேன்!"

"எனக்குத் தண்ணி தர நீங்க வந்தீங்களா, உங்களத் தள்ள நான் வந்தேனா?"

"ரெண்டும் ஒண்டுதான். குடும்பம் எண்டா அப்பிடித்தான்."

இருவரும் சிரித்தார்கள். பிறகு அவள் தனியாக ஏறினாள். சிரிப்பு அடுத்த வளைவு வரைக்கும்தான் நீடித்தது. ஒரு மனிதன் நேரத்துக்கு எழும்பாததற்கு நான் ஏன் மலை ஏறுகிறேன் என்ற எண்ணம் வந்தது. அந்தக் கோபத்தில் இன்னும் வேகமாக ஏறினாள். கோபமும் ஒருவகைப் பயிற்சிதான் என்று

(எழுத மாட்டேன். மலர்களில் வரும் வசனம் அது. கோபம் கோபமாகவே இருக்கட்டும்.)

4

அவள் சண்டை போடாமலில்லை. போன கிழமை நானும் பாமசியில் நிற்கும்போது விஜயரத்தினம் பிரஷர் மாத்திரை வாங்க வந்தார். அவள் மேசை லாச்சியைத் திறந்துகொண்டே கேட்டாள்.

"சேர், கொடி அசைக்கிற நேரத்துல இருந்து கடிகாரத்தப் போடுங்களேன்."

"அது வெளிநாட்டுச் சங்கத்தின்ர விதி பிள்ளை. நாங்கள் தொட ஏலாது."

"அப்ப அஞ்சு மணிக்கே கொடிய அசைங்க."

"அதிதி வராமலோ? அது மரபு. அதையும் தொட ஏலாது."

"அப்ப நான் எதத்தான் சேர் தொடலாம்?"

"பயிற்சியைக் கொஞ்சம் கூட்டுமன்."

அவள் மாத்திரையை எண்ணி உறையில் போட்டாள். செயலாளர் பெருமையோடு குரலைத் தாழ்த்தினார்.

"இந்த முறை ரெண்டு பேர் வருகினம். பிரதம அதிதியும் விசேட அதிதியும். ஒராள் வந்திட்டார் எண்டு தெரியாமல் மற்றாள் வீட்டை விட்டு வெளிக்கிடார். முந்தி வந்து காத்திருந்தால் மரியாதைக் குறைச்சல் எல்லோ!"

"ரெண்டு பேரும் அப்பிடியா?"

"ரெண்டு பேரும்தான்."

ஜஸ்லா கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒருவரின் தாமதத்தை மிதித்துவிடலாம். ஒருவருக்காக மற்றவர் பிந்தும் தாமதத்துக்கு எல்லை கிடையாது. அந்த உயரத்துக்கு இந்த மாவட்டத்தில் மலையும் கிடையாது. உறையை அவர் கையில் வைத்தாள்.

"இந்தாங்க சேர், மாத்திர. நேரத்துக்குக் குடிங்க. இதுக்கு யாரும் வந்து கொடி அசைக்கத் தேவையில்ல."

சமூகத்தின் எதிர்ப்பை இப்படித்தான் கடைசியில் நான் கண்டுபிடித்தேன். அது இளநீல சேட் போட்டு, கையில் மாத்திரை உறையோடு, எனக்குச் சலாம் வைத்துவிட்டு பாமசிப் படியால் இறங்கிப் போனது.

5

முடிவுகள்.

அ) குழு கேட்ட முடிவு: அவள் வெற்றிகரமாக ஓடி முடித்தாள், அதிதிகள் கண்கலங்கினார்கள். (எழுதினேன். வாசித்தேன். கிழித்தேன்.)

ஆ) ஐந்து மணிக்கு அவள் தனியாகப் புறப்படுகிறாள். பெயர் நீக்கம். வாசகர் கைதட்டுவார், அட்டை கிடைக்காது. அவளிடம் இதைச் சொன்னபோது, "கைதட்டுறவங்க எனக்காக மலை ஏறினாங்களா?" என்று கேட்டாள்.

இ) காத்திருக்கிறாள். மீண்டும் 'பூர்த்தி செய்யவில்லை'. இதுதான் நடக்கக்கூடியது. இதை எழுத என் கை ஒப்பவில்லை.

ஆகவே எழுதாமல் விடுகிறேன். இது அச்சேறுமா என்று கேட்டால், ஏறும். அதிதிகளின் பட்டங்களில் ஒரு புள்ளி குறைந்துவிடுமோ என்ற பயத்தில் குழு முழுவதும் வாழ்த்துச் செய்திகளைத்தான் திருத்திக்கொண்டிருக்கிறது. கதைப் பக்கத்தை யாரும் பார்க்கவில்லை.

மலரின் முதற்பிரதிதான் பட்டுத்துணியில் சுற்றி மேடையில் இருக்கும். மற்றவற்றைக் கதிரைகளில் வைப்பார்கள், சபை சலிக்காமலிருக்க. இப்போது உங்கள் கையில் இருப்பது அவற்றில் ஒன்றுதான். மேடை விளக்கு வெளிச்சத்தில் வாசிக்கிறீர்கள். அதிதிகள் வரவில்லை. முன்னால், சைக்கிளில் ஒரு காலும் நிலத்தில் ஒரு காலுமாக, தலைத்துணிக்கு மேல் தலைக்கவசம் போட்டுக்கொண்டு நிற்பவள் ஜஸ்லா. அவளுக்குப் பின்னால் இன்னும் அறுபது எழுபது பேர்.

அவள் ஒருத்தி போனால் அவள் பெயரை நீக்கலாம். எல்லோரும் ஒன்றாகப் போனால், எல்லோர் பெயரையும் நீக்கிவிட்டுப் பிறகு யாருக்காக விழா? மறித்துக்கொண்டிருப்பது ஒரு சிவப்பு நாடா. எப்படிக் கட்டுவதென்று செயலாளரே எனக்கு வரைந்து காட்டினார். ஒரு நுனி விளக்குக் கம்பத்தில். மற்றது முன்வரிசைக் கதிரையொன்றின் காலில், சுருக்கு முடிச்சாக, ஒரே இழுப்பில் அவிழக்கூடியதாக.

எந்தக் கதிரை என்று அவர் சொல்லவில்லை. நேரம் ஐந்தாகப் போகிறது. மலரை மடியில் வைத்துவிட்டுக் கொஞ்சம் குனிந்து பாருங்கள்.