ராத்தாவின் மீன்தொட்டி

“தண்ணி ஆறிட்டு. இன்னொரு வாளி கொண்டாங்க, இளஞ்சூடா,” என்றாள் மையித்தைக் குளிப்பாட்ட வந்த பரீனா.

ராத்தாவின் விறைத்த காலைப் பிடித்திருந்த தங்கை ஸாலிஹா நிமிர்ந்தாள். அவள் எழும்ப முன்னமே ராத்தாவின் மகள் பர்ஸானா வெளியே ஓடி, ஆவி பறக்கும் வாளியோடு வந்தாள்.

“அதுக்குள்ள எங்கால புள்ள?”

“உம்மா மீன்தொட்டிக்கு வெச்ச அடுப்பில இருந்து, சாச்சி.”

ஸாலிஹாவின் நெஞ்சில் பழைய எரிச்சல் சுருக்கென்றது. இன்றைக்குமா? தன் கடைசிக் குளிப்புக்கும் தானே வெந்நீர் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் றுமைஸா ராத்தா.

விடிய சுபஹுத் தொழுகைக்கு எழும்பி அடுப்புக்கு உமி போட்டுவிட்டு வந்தவள், “நெஞ்சு அடைக்கிறாப்போல இரிக்கி” என்று கட்டிலில் சாய்ந்தாள். அவ்வளவுதான்.

ஏறாவூரில் இருவரின் வளவுக்கும் நடுவே ஒரு மதில். உம்மாவின் கல்வீடு மூத்தவளுக்குச் சீதனமாகப் போனது. இளையவளுக்குப் பக்கத்து வெறும் வளவில் ஒரு புது வீடு. கிணறும் மாமரமும் ராத்தா பக்கம். ராத்தா முற்றத்தில் சீமெந்துத் தொட்டி கட்டி அலங்கார மீன் வளர்த்தபோது, ஸாலிஹா ஒரு முழம் பெரிதாகக் கட்டினாள். மட்டக்களப்பிலிருந்து வரும் வியாபாரி முதலில் எந்த வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறான் என்று ஜன்னலால் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இந்த மார்கழியில் புயலுக்குப் பின் அடித்த குளிர்காற்று ஒருநாளும் இல்லாதது. மாடுகளே விறைத்துச் செத்தன. ராத்தா நெல் ஆலையில் சும்மா கொடுக்கும் உமியை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்தாள். பழைய தகரப் பீப்பாவில் உமி அடுப்பு, மேலே தண்ணீர் டிரம். அதிலிருந்து ஓர் இரும்புக் குழாய் தொட்டிக்குள் அடியோடு ஓடித் திரும்பி வந்தது. தொட்டிக்கு மேல் மூங்கிலை வளைத்துப் பொலித்தீன் கூடாரம்.

ராத்தா மதிலுக்கு மேலால் தலையை நீட்டினாள். “மூங்கில் மிச்சம் கெடக்கு ஸாலிஹா. கொண்டுபோய்த் தொட்டிய மூடு.”

“எனக்கிட்ட கரண்டு ஹீட்டர் இரிக்கி.”

அன்றைக்கே கரண்டு போனது. விடிந்தபோது ஸாலிஹாவின் மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. ராத்தா மதிலால் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சொல் குத்திப் பேசியிருந்தால் திருப்பிக் கொடுத்திருக்கலாம். பேசாமல் போனதைத்தான் தாங்க முடியவில்லை. ‘அந்த அடுப்பும் ஒரு நாளைக்கு அணையட்டும்’ என்று ஸாலிஹா மனசுக்குள் சொன்னாள். அது முந்தாநாள்.

லுஹர் தொழுகைக்குப் பின் ஆண்கள் மையித்து வைத்த சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போனார்கள். பெண்கள் உள்ளே யாசீன் ஓதினார்கள். ஸாலிஹா எழும்பி முற்றத்துக்கு வந்தாள். பகலிலும் வெயில் இல்லை.

அடுப்பில் சாம்பல்தான் இருந்தது. பொலித்தீனைத் தூக்கிப் பார்த்தாள். கோராமி மீன்கள் குழாயோடு ஒட்டி அடியில் கிடந்தன. செட்டைகள் மட்டும் மெல்ல ஆடின.

மையித்து வீட்டில் மீனை யார் நினைப்பார்கள்? யாரும் கேட்கப்போவதில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் நின்றால் போதும். இரண்டு தொட்டியும் ஒரேமாதிரி ஆகிவிடும்.

அவள் நின்றாள். காற்று பொலித்தீனைப் படபடவென்று அடித்தது. உமி மூட்டையின் வாய் கட்டாமல் கிடந்தது. உள்ளே, ராத்தா அள்ளுகிற சிரட்டை.

எவ்வளவு நேரம் நின்றாளோ, குனிந்து சாம்பலைக் கிண்டினாள். அடியில் கொஞ்சம் தணல் இருந்தது. உமியைத் தூவி, கன்னம் நோக ஊதினாள்.

கதவடியில் பர்ஸானா வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. “சாச்சி, இந்த மீனெல்லாம் நீங்களே எடுங்க. எனக்குப் பாக்க ஏலா.”

“உம்மாக்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?”

கேட்ட பிறகுதான் ஸாலிஹாவுக்கு உறைத்தது. பர்ஸானா திரும்பி உள்ளே போனாள்.

டிரம் முனகத் தொடங்கியது. வெகுநேரம் கழித்து ஸாலிஹா சூடு பார்க்கத் தண்ணீரில் கையை விட்டாள். மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து அவள் விரல்களைக் கொத்தின. ராத்தாவின் கை என்று நினைத்துத்தான் வருகின்றன.

அவள் கையை எடுக்கவில்லை.