முக்கூடலுக்குப் பணம் வந்ததா

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. அது பொய்தானா என்பதும் உறுதியில்லை. அதனால்தான் கதையாக எழுதுகிறேன்.

என் மனைவி மஹாலக்ஷ்மி 1998 புரட்டாசியில் மஞ்சள் காமாலையில் இறந்தாள். ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தாள். ஒன்பதாம் நாள் பிற்பகல், கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

“அந்த முக்கூடல் அம்மாவுக்குப் பணம் வந்துட்டா?”

“வந்துட்டு” என்றேன்.

“முழுசாவா?”

“முழுசா.”

“சரி” என்றாள். பிறகு தண்ணீர் கேட்டாள்.

பணம் வந்ததா என்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. ஐந்து வருடமாக விசாரிக்கவில்லை. 1994 கோடையில் நாங்கள் இருவரும் மாணவர்கள். ஓர் ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தில் ஆறு வாரப் பயிற்சிக்குப் போனோம். அங்கே நான் ஒரு தாளில் ஓர் எண்ணை எழுதினேன். முக்கூடலில் ஒரு பெண்ணுக்குக் கணவனின் பாலிசிப் பணம் கிடைப்பதும் கிடைக்காததும் அந்த எண்ணால் மாறக்கூடும்.

கதை இவ்வளவுதான். மீதி எல்லாம் இதை எழுதும் சிரமம்.

2

மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

“தாமிரபரணியில் அந்த வருடம் தண்ணீர் வற்றி” — அடித்துவிட்டேன். ஆற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

“சாவுக்கும் ஒரு கணக்கு உண்டு என்பதை அந்த மாணவன் முதன்முதலாக” — இதையும். இருபத்திரண்டு வயதில் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

“முதல் நாள் காலை வைத்தீஸ்வரன் சார் எங்கள் முன்னால் ஆயிரத்து இருநூறு அட்டைகளை வைத்தார்.” இது இருக்கட்டும். நடந்தது இதுதான்.

நாங்கள் பாளையங்கோட்டையில் எம்.எஸ்ஸி. புள்ளியியல் படித்தோம். வகுப்பிலிருந்து இரண்டு பேரை அனுப்பினார்கள். வைத்தீஸ்வரன் சார் அந்த அலுவலகத்தில் அதிகாரி. ஆக்சுவரி* தேர்வில் ஒரே ஒரு தாள் பாக்கி. ஒன்பது வருடமாகப் பாக்கி. ஒவ்வோர் அட்டையும் ஒரு பாலிசிதாரர். வயதுவாரியாகப் பிரித்து, எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்று எண்ண வேண்டும். இறந்தவர்களின் அட்டையில் மூலையில் சிவப்புப் பென்சில் கோடு. முதல் வாரம் அந்தக் கோட்டைப் பார்த்தால் கை தயங்கியது. இரண்டாம் வாரம் தயங்கவில்லை. மூன்றாம் வாரம், ஒரு வயதில் சிவப்பு குறைவாக இருந்தால் கணக்கு ஒழுங்காக வரவில்லையே என்று சலித்துக்கொண்டேன்.

(*எந்த வயதில் எத்தனை பேர் சாவார்கள் என்று கணக்கிட்டு பிரீமியத்தை முடிவுசெய்பவர். யார் சாவார்கள் என்பது அவருக்கு வேண்டாம்.)

அங்கே பெண்களுக்குத் தனி அட்டவணை கிடையாது. ஆணின் அட்டவணையை எடுத்து, பெண்ணின் வயதில் மூன்றைக் கழித்துப் பார்க்க வேண்டும். இதைக் கேட்டதும் மஹாலக்ஷ்மி, “அப்ப எனக்கு இன்னைக்குப் பத்தொன்பதுதான் சார், டிகிரியே இன்னும் முடிக்கல” என்றாள். சார் சிரித்தார்.

இறந்தபோது அவளுக்கு இருபத்தாறு. அட்டவணைப்படி இருபத்துமூன்று. அந்த வயதில் ஆயிரத்துக்கு ஒன்றுகூட வராது. வராது என்றுதான் நாங்கள் கணக்குப் போட்டோம்.

[இந்தப் பத்தி கதைக்குத் தேவையில்லை. எடுக்க முடியவில்லை.]

3

நான்காவது வாரம் ஒன்றைக் கண்டுபிடித்தேன். பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை இப்போது சரியாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது.

அட்டைகளைப் பிறந்த தேதிப்படி அடுக்கிப் பார்த்தேன். பாதிப் பேர் மே மாதத்திலும் ஜூன் முதல் பாதியிலும் பிறந்திருந்தார்கள். சார் அட்டைகளைப் புரட்டினார்.

“என்னவே, இந்த ஜில்லாவுல மத்த மாசமெல்லாம் பிள்ளையே பெறலியா?” என்றார். கொஞ்சம் கழித்து, “எம் பொறந்த தேதியும் ஜூன் ஒண்ணுதான்வே” என்றார்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பள்ளிக்கூடம் ஜூனில் திறக்கும். ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். பிறந்த தேதி கேட்டால் அப்பன் தலையைச் சொறிவான். தலைமையாசிரியர் ஒரு தேதியைப் போட்டுக்கொள்வார். பத்து வயதில் வந்து சேர்ந்தவனுக்கும் அன்று ஐந்து வயதுதான். அந்தச் சான்றிதழை வைத்துத்தான் பாலிசி. அப்படியானால் எங்கள் அட்டவணையில் இருக்கும் வயது எதுவும் வயது இல்லை.

சார் பரவசமானார். இறந்தவர்களில் மே, ஜூன் பிறப்பாக இருபது பேரை எடுத்து, வீட்டுக்குப் போய் உண்மை வயதை விசாரித்து வரச் சொன்னார். தன் பாக்கித் தாளுக்கே இது உதவும் என்றார். நான் ஒரு தாளில் கட்டம் போட்டேன். வரிசை எண், அட்டை வயது, விசாரித்த வயது, ஆதாரம், பாலிசி எண்.

கடைசிக் கட்டம் ஆய்வுக்குத் தேவையில்லை. யாரும் போடச் சொல்லவில்லை. தாளில் இடம் இருந்தது.

4

முதல் பிரதியில் வைத்தீஸ்வரன் சாரைக் கெட்டவராக எழுதியிருந்தேன். மூக்குப்பொடி போட்டார், ஏழைகளைப் பற்றி ஏளனமாகப் பேசினார். வாசித்தபோது வசதியாக இருந்தது. எல்லாப் பழியும் அவர் பக்கம் போயிற்று.

அவர் பொடி போட மாட்டார். மதியம் இரண்டு தயிர்சாதப் பொட்டலம் கூடுதலாகக் கொண்டுவருவார், எங்கள் இருவருக்கும்.

5

பதினான்காவது வரிசை, பூதத்தான், முக்கூடல். அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர். 1991 மார்ச்சில் பாலிசி எடுத்தபோது சான்றிதழ்ப்படி நாற்பத்தொன்பது. அந்தத் திட்டத்தில் ஐம்பதுக்கு மேல் சேர முடியாது. 1994 தையில் மாரடைப்பு. மூன்று வருடத்துக்குள் சாவு என்பதால் ஃபைல் இன்னும் விசாரணையில் இருந்தது. அட்டை வயது ஐம்பத்திரண்டு.

இந்தப் பகுதியை முதலில் நான் தனியாகப் போனதாக எழுதினேன். மஹாலக்ஷ்மியை எடுத்துவிட்டால் எழுத முடியும் என்று நினைத்தேன். முடியவில்லை. பெண்கள் என்னிடம் பேசவில்லை, அவளிடம்தான் பேசினார்கள்.

பூதத்தானின் மனைவி பெயர் சுடலைவடிவு. ஆபீஸிலிருந்து என்றதும் பணத்தோடு வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். மஹாலக்ஷ்மி மெதுவாக எடுத்துச் சொன்னாள், நாங்கள் படிக்கிற பிள்ளைகள், ஒரு கணக்கெடுக்க வந்தோம் என்று. அவர் முகம் மாறவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணை அனுப்பி இரண்டு கலர் சோடா வாங்கிவரச் சொன்னார். மகளின் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டிருப்பதாகவும், மாப்பிள்ளை வீட்டார் ஆவணிவரைதான் பொறுப்பார்கள் என்றும் சொன்னார். வயதைக் கேட்டேன். சர்டிபிகேட்டில் உள்ளதுதான் என்றார். அங்கேயே விட்டிருக்கலாம். உடன்பிறந்தவர்கள் யாரும் உண்டா என்று கேட்டேன். அது எங்களுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்த முறை. நேராகக் கேட்டால் வராத வயது சுற்றிக் கேட்டால் வரும்.

“எங்க கொழுந்தனாரு பாபநாசத்துல மில்லுல இருக்காவ” என்று மஹாலக்ஷ்மியைப் பார்த்துச் சொன்னார். “போன சித்திரையோட அம்பத்தஞ்சு முடிஞ்சுட்டு. இன்னும் மூணு வருசம் சர்வீசு உண்டு.”

“அண்ணனா, தம்பியா?”

“தம்பிதான். இவுக இடுப்புல தூக்கி வளத்த தம்பி” என்றார். அதைச் சொல்லும்போது நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஐம்பத்தைந்து வயதுத் தம்பிக்கு ஐம்பத்திரண்டு வயது அண்ணன். இடுப்பில் தூக்கியவர் என்றால் குறைந்தது இரண்டு வயதாவது கூட. பாலிசி எடுத்தபோது ஐம்பத்துநாலு. மனதுக்குள் கணக்கு முடிந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மஹாலக்ஷ்மி என் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

6

திரும்பி வரும் பேருந்தில் ஒருவர் எனக்கு ஒன்று சொல்ல வேண்டும். மஹாலக்ஷ்மி இல்லாத பிரதியில் அதை நடத்துநரைச் சொல்ல வைத்தேன். முக்கூடல் பேருந்தின் நடத்துநருக்கு இறப்பு விகிதம் எதற்கு? பிறகு ஒரு பெரியவரை ஏற்றினேன். அவர் அறிவுரை சொல்ல ஆரம்பித்ததும் இறக்கிவிட்டேன்.

சொன்னது அவள்.

“அத எழுதாண்டாம்.”

புள்ளிவிவரத்தில் நமக்கு வேண்டியதை வைத்து வேண்டாததை விடக்கூடாது என்றேன். அப்படி விட்டால் அது ஆய்வே இல்லை என்றேன். இன்னும் என்னவெல்லாமோ.

“இருபதுல ஒண்ண விட்டா உங்க கணக்கு செத்தா போவும்?” என்றாள்.

நான் தாளை விரித்து, எழுதிய வரிசைகளைச் சரிபார்த்தேன்.

“சரி, வயச எழுதுங்க. பாலிசி நம்பர எழுதாதீங்க. எந்த பூதத்தான்னு அட்டவணைக்குத் தெரியவா போகுது?”

இது சரியான யோசனை. அன்றே எனக்குத் தெரிந்தது. பதின்மூன்று வரிசைக்கு எண் எழுதியிருந்தேன். பதினான்காவது கட்டம் மட்டும் காலியாக இருந்தால் பார்க்க நன்றாக இருக்காது என்று தோன்றியது.

[வாசகர் இந்த வாக்கியத்தை நம்ப மாட்டார். வேறு பெரிய காரணம் தேடினேன். நேர்மை, கர்வம், அவள்மேல் கோபம். எதுவும் இல்லை. இதுதான்.]

எழுதினேன். சார் தாளை முழுக்க வாசித்தார். என் முதுகில் தட்டினார். “பெரிய வேல பாத்திருக்கீரு. க்ளெய்ம் செக்‌ஷனுக்கும் ஒரு காப்பி கொடுத்துருவோம்வே” என்றார். அது பாராட்டு. அடுத்த வாரம் பயிற்சி முடிந்தது. எனக்குச் சான்றிதழில் ‘மிக நன்று’.

7

இனி முடிவு.

முதல் முடிவு: மாணவன் பேருந்து ஜன்னல் வழியே தாளைக் கிழித்துப் போடுகிறான். ஆவணியில் பணம் வருகிறது. கல்யாணம் நடக்கிறது.

எழுதிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது. ஆனால் தாள் கிழிந்துவிட்டால் மஹாலக்ஷ்மி என்னோடு பேசாமல் இருந்திருக்க மாட்டாள். அவள் பேசாத ஒரு வருடத்தில்தான் நான் அவளைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவள் வீட்டுக்கே பெண் கேட்டுப் போனோம். அவள் சரி என்றாள். ‘என்னை மன்னித்து’ என்று இங்கே எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவள் அப்படிச் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. இரண்டு வருடம் எட்டு மாதம் சேர்ந்து இருந்தோம். அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை, அந்த ஒன்பதாம் நாள்வரை.

இரண்டாம் முடிவு: வயதை மறைத்ததாகச் சொல்லி க்ளெய்மை நிராகரிக்கிறார்கள். சுடலைவடிவு அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்து

இதை நான் பார்க்கவில்லை. பார்க்காத அழுகையை எழுத வரவில்லை. அவரைப் பற்றி ஒருமுறை எழுதியது போதும்.

மூன்றாம் முடிவு: அதிகாரிகள் இரங்கி, கட்டிய பிரீமியத்தையும் மேலே கொஞ்சத்தையும் கொடுக்கிறார்கள். இப்படியும் நடப்பதுண்டு. யாரும் கெட்டவராக வேண்டியதில்லை. இந்த முடிவு எனக்குப் பிடித்திருக்கிறது. அதனால் இதை நம்பவில்லை.

8

இதில் ஒரு முடிவு ஏற்கெனவே நடந்துவிட்டது. கதை எழுதுகிறவன் கையில் அது இல்லை. சுடலைவடிவுக்குத் தெரியும். அவர் மகளுக்குத் தெரியும். திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து முக்கூடலுக்கு அடிக்கடி பேருந்து உண்டு.

இந்தத் தையில் ஒருநாள் ஏறினேன். வழியில் பேட்டையிலேயே இறங்கிவிட்டேன்.

வரவில்லை என்று அவர் சொன்னால், மஹாலக்ஷ்மியிடம் நான் சொன்னது பொய். அவள் அதை நம்பிக்கொண்டு போனாள். வந்தது என்று சொன்னால், சொன்னது உண்மை. ஆனால் தெரியாமல் சொன்னேன். இரண்டில் எது மேல் என்று பேட்டை நிறுத்தத்தில் நின்று யோசித்தேன். எதிர்த்திசையில் ஒரு பேருந்து வந்தது, ஏறினேன்.

நீங்கள் அந்தப் பக்கம் போகிறவராக இருந்தால் அரிசி ஆலையில் இருந்த பூதத்தான் வீடு என்று கேளுங்கள். சுடலைவடிவு என்று கேட்டால் பலர் இருப்பார்கள். ஆபீஸிலிருந்து என்று சொல்லிவிட வேண்டாம். சுற்றிக் கேட்க வேண்டாம். நேராகக் கேளுங்கள்.

நீங்கள் போக மாட்டீர்கள். கதை வாசித்து யாரும் பேருந்து ஏறுவதில்லை. உட்கார்ந்த இடத்திலேயே, அந்த அம்மாவை ஒருமுறைகூடப் பார்க்காமல், உங்களுக்குச் சரி என்று பட்டதை முடிவு செய்துகொள்வீர்கள். நானும் அப்படித்தான் ஆஸ்பத்திரியில் செய்தேன். இடம் விட்டிருக்கிறேன்.

சுடலைவடிவுக்குப் பணம்: வந்தது / வரவில்லை.
(பொருந்தாததை அடிக்கவும்.)