வெட்டு விழாத சத்தம்

கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு வந்து சேர்வதற்குள் நோபேட்டின் பையை வழிநெடுகச் செக்பொயின்றுகளில் திறந்து பார்த்துவிட்டார்கள். பை நிறைய வயர். கொழும்பில் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் ஒரு தமிழன் பை நிறைய வயரோடு பஸ் ஏறுகிறான் என்றால், ஒன்றில் அவனுக்கு விசர், அல்லது சிநேகிதன்மேல் அவ்வளவு உயிர். நோபேட்டுக்கு இரண்டுமே கொஞ்சம் இருந்தது. "மேக மொகக்த?", இது என்ன, என்று கேட்ட பொலிஸ்காரரிடம், மாதா கோயில் பாட்டு ரெக்கோட் பண்ணுகிற பெட்டி என்று சிங்களத்தில் விளக்கி, அவர் நம்பாமல் பார்க்க, நடுரோட்டில் ஒரு பாட்டையும் பாடிக் காட்டினானாம்.

"கேட்டிட்டு விட்டிட்டாரோ, அண்ணா?" என்றாள் றமீலா.

"பாதியிலயே போகச் சொல்லிட்டார், தங்கச்சி."

றமீலா வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பல நாளாகிவிட்டது.

அவளுக்கு இது ஆறாம் மாதம். புருஷன் சிவபாலன் ஓகஸ்ட்டில் பள்ளிக்கூட அலுவலாய் யாழ்ப்பாணம் போனவன். ஒரு கிழமையில் வந்துவிடுவேன் என்று நல்ல சேட்டுகளைக்கூட இங்கேயே விட்டுவிட்டுப் போனான். அவன் போய்ச் சேர்ந்ததும் சண்டை தொடங்கி, யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஒரே தரைப் பாதையைப் பூட்டிவிட்டார்கள். இப்போது தை மாதம். கப்பலுக்கும் பிளேனுக்கும் பெயர் கொடுத்துவிட்டு அங்கேயே கிடக்கிறான். தான் தகப்பனாகப் போகிற செய்தியையே ரெலிபோனில்தான் கேட்டான். ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் ஒரு கொமியூனிக்கேஷன் கடையில் வரிசையில் நின்று கோல் எடுப்பான். பின்னால் ஆட்கள் நிற்பதால் கடைக்காரர் சில நிமிடத்துக்குமேல் விடமாட்டார். அந்தச் சில நிமிடத்துக்குள் அவன் தவறாமல் கேட்கிற கேள்வி, "பிள்ளை எப்பிடி?" என்பதுதான். வயிற்றுக்குள் இருக்கிற பிள்ளையைப் பற்றி அவள் எதைச் சொல்வது? "இருக்குது," என்பாள். அவனும் "ம்" என்பான்.

இதைக் கேள்விப்பட்டு ரொறன்ரோவிலிருந்து சிவபாலனின் அக்கா கனகேஸ்வரி ஒரு சாமான் அனுப்பியிருந்தாள். வயிற்றில் வைத்தால் பிள்ளையின் இருதயம் கேட்குமாம். உள்ளங்கைக்குள் அடங்குகிற கருவி. ஸ்பீக்கர் கிடையாது, இயர்போன் குத்த ஒரு துளை மட்டும். சனிக்கிழமை முழுக்க றமீலா வயிற்றில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். இரைச்சலைத் தவிர ஒன்றும் பிடிபடவில்லை. அப்போதுதான் புருஷனின் சிநேகிதன் நோபேட்டைக் கூப்பிட்டாள். அவனிடம் லப்டொப்போடு சேர்த்துக் கொழுவுகிற ஒரு சவுண்ட் காட் பெட்டி இருந்தது. சின்னச் சத்தத்தையும் பெரிதாக்கிக் கொம்பியூட்டரில் பதிந்து தரும். ரெலிபோன் வந்த பிறகு வயிற்றில் தேடிக்கொண்டிருந்தால் சிவபாலனின் நேரம் அதிலேயே போய்விடும். முதலே பதிந்து வைத்துக்கொண்டு, அவன் எடுத்ததும் போட்டுக் காட்டுவது என்று ஏற்பாடு.

லப்டொப் மாமி சரோஜினிதேவியின் பரிபாலனத்தில் இருந்தது. அவர் அதற்குப் பூவேலை செய்த துணி விரித்து, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அதை அணைக்கிற பழக்கம் அந்த வீட்டில் இல்லை. இன்ரநெற்றில் கதைக்கிற புரோகிராம் இரவு பகலாய்த் திறந்தே கிடக்கும். அது திறந்திருந்தால் ரொறன்ரோவில் கனகேஸ்வரியின் திரையில் இவர்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் பொட்டு எரியும். எரிந்தால் கொழும்பில் எல்லோரும் சுகம். அணைந்தால் குண்டு வெடித்திருக்கிறது, அல்லது வீடுவீடாய்ச் சுற்றிவளைக்கிற ரவுண்டப்பில் ஆளைப் பிடித்துவிட்டார்கள். அந்த வருடங்களில் வெள்ளவத்தையில் எத்தனையோ வீடுகளின் நிம்மதி அந்தப் பொட்டில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. விளக்கு வைக்க மறந்தாலும் மாமி அதை மறக்கமாட்டார்.

றமீலா செற்றியில் சாய்ந்தாள். கருவி வழுக்கி ஒட்டிப் பிடிக்கவென்று மாமி பல்கனிச் சாடியிலிருந்த கற்றாழையை வெட்டி, அதன் சோற்றை வழித்து மருமகளின் வயிற்றில் பூசினார். நோபேட் மரியாதையாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு பெட்டியின் குமிழைத் திருகினான். ஸ்பீக்கரில் முதலில் இரைச்சல் வந்தது. பிறகு நிதானமான ஓர் அடி.

"இது நீங்க, தங்கச்சி. உங்கட நாடி. இன்னும் கொஞ்சம் கீழ தேடுங்க."

அவள் கருவியைச் சரித்தாள். சட்டென்று அது வந்தது. தையல் மெஷினைக் கால் எடுக்காமல் மிதிப்பதுபோல ஒரே ஓட்டம். யாருக்கோ பயந்து ஓடுகிற ஓட்டமில்லை. தனக்கு ஏதோ பெரிய வேலை இருக்கிறது என்கிற மாதிரியான ஓட்டம். மாமியின் கை தானாக நெஞ்சுக்குப் போனது. நோபேட் சுவரைப் பார்ப்பதை மறந்தான்.

அப்போது அது நின்றது.

பொட்டென்று, ஒன்றுமே இல்லை. பிறகு மறுபடி ஓடியது. கொஞ்சம் ஓடி மறுபடி நின்றது.

"பிள்ளையின்ரை இருதயம் நிக்குது," என்றாள் றமீலா.

"ஐயோ, இல்ல இல்ல!" நோபேட் பதறிவிட்டான். "இது கொம்பியூட்டர் செய்யிற வேலை. எங்கட கோயில் கொயருக்கும் இப்பிடித்தான், பாட்டு நடுவுல விழுங்கிடும். பெட்டி சத்தத்தை அனுப்பிக்கிட்டே இருக்கும், லப்டொப் வேற வேலையில மாட்டிக்கிட்டா வாங்காம விட்டுடும். அவ்வளவுதான்."

"வடிவாத் தெரியுமோ, அண்ணா?"

அவன் கருவியைக் காட்டினான். "ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுக்கலாம். இடம் பிடிச்சாச்சே. இந்த வயரைக் கழற்றிட்டு இயர்போனை நேராக் கருவியில குத்திக் கேளுங்க. சத்தம் சின்னதா இருக்கும், ஆனா நடுவுல கொம்பியூட்டர் இல்ல. அதுலயும் நின்னாத்தான்..."

"வேண்டாம்," என்றாள் றமீலா. "நீங்கள் முதல்லை கொம்பியூட்டரைத் திருத்துங்கோ."

அவளைக் குறை சொல்ல முடியாது. நேராய்க் கேட்டால் உண்மை தெரிந்துவிடும். உண்மை தெரியாதவரையில் குற்றத்தை ஒரு மெஷின்மேல் போட்டுக்கொண்டு இருக்கலாம். எந்தத் தாயும் அந்த இடைவெளியில் கொஞ்ச நேரம் நின்றுகொள்ளத்தான் பார்ப்பாள்.

நோபேட் சேட்டுக் கையை மடித்துக்கொண்டு தொடங்கினான். மௌசும் மற்றதும் சேர்த்துக் குத்தியிருந்த யூ.எஸ்.பி. கட்டையிலிருந்து பெட்டியைக் கழற்றி, லப்டொப்பிலேயே நேராகக் குத்தினான். வெட்டு கொஞ்சம் குறைந்தது. வயரை மாற்றினான், அதனால் ஒன்றும் ஆகவில்லை. பஃபர் என்கிற ஒன்றைக் கூட்டினான். "மேல் மாடியில தண்ணித் தாங்கி பெருசா இருந்தா மோட்டர் நின்னாலும் பைப்பில தண்ணி வரும்தானே, அது மாதிரி," என்றான். இன்னும் குறைந்தது. ஒவ்வொரு தடவையும் றமீலா கருவியை வயிற்றில் வைப்பாள், அது ஓடும், அவள் கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள் கும்பிடுவாள். எங்கேயோ ஓர் இடத்தில் பொட்டென்று நிற்கும். அவளுடைய விரல்கள் செற்றித் துணியைப் பிடித்துக் கசக்கும். சிவபாலன் எடுக்கிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் நோபேட் லப்டொப்பின் விளிம்பில் இருந்த ஒரு சின்ன நீலவெளிச்சத்தைக் கண்டான். "வைபை! இதுதான் கள்ளன். இது நிமிஷத்துக்கொரு தரம் லப்டொப்பைத் தட்டிக்கிட்டே இருக்கும்." பக்கத்திலிருந்த சுவிட்சைத் தள்ளினான். நீலவெளிச்சம் அணைந்தது.

றமீலா கருவியை வைத்தாள். அது ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. கடலோரமாக ஒரு ரயில் வந்து, வீட்டை அதிர வைத்து, கடந்து போய், அதன் சத்தமும் தேய்ந்து மறைந்தது. பிள்ளை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. றமீலாவுக்குக் கண்ணீர் காதுவரை வழிந்தது. அவள் துடைக்கவில்லை.

"சரி, கையைக் கழுவிட்டு வாறேன். வந்த உடனே பதிவோம்," என்று நோபேட் வெற்றிவீரன்போலக் குசினிப்பக்கம் போனான். மாமி தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார், துணியின் சுருக்கத்தை நீவிவிட்டார், சாமிப் படத்தைப் பார்த்தார்.

நோபேட் வந்து பதிவை அழுத்தினான். திரையில் அலை அலையாய்க் கோடு ஓடியது. கொஞ்சத் தூரம் போனதும் கோடு வெட்டுண்டது. சத்தம் நின்றது. முன்னைவிட நீளமாய் நின்றது.

நோபேட் வயரை அசைத்துப் பார்த்தான். "எல்லாம் சரி பண்ணிட்டேனே," என்றான். அவன் குரலில் இருந்த பயத்தை றமீலா கேட்டுவிட்டாள்.

இனி மெஷின்மேல் போட ஒரு குற்றமும் மிச்சமில்லை. அவள் எழுந்து உட்கார்ந்தாள். கருவியிலிருந்து வயரைத் தானே இழுத்தெடுத்தாள். இயர்போனைக் குத்தி, இரண்டு காதிலும் வைத்து, கருவியை அந்த இடத்தில் அழுத்தினாள். மாமி ஏதோ சொன்னார், அவளுக்குக் கேட்கவில்லை.

இரைச்சலுக்கு அடியில், வெகு தூரத்தில், அது இருந்தது. சின்னஞ்சிறிய சத்தம். காது கொடுக்கக் கொடுக்கக் கிட்ட வந்தது. அவள் நிற்கும் நிற்கும் என்று காத்திருந்தாள். நிற்கவில்லை. அவளுடைய சொந்த நெஞ்சு படபடத்துத் தடுமாறியது, அது தடுமாறவில்லை. அவள் பயந்து செத்துக்கொண்டிருந்த இந்த நேரம் முழுவதும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. பாதை பூட்டியது, செக்பொயின்ற், ஊரடங்கு, எதுவும் அதற்குத் தெரியாது. யாரும் தொடக்கிவிடாமல் தானே தொடங்கி, யாரும் சொல்லிக்கொடுக்காமல் இப்படி ஓடுகிறதே என்று அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தன் வயிறுதானா இது என்று குனிந்து பார்த்தாள். முன்பின் தெரியாத பெரிய மனிதர் ஒருவர் வீட்டுக்குள் வந்து இருந்தால் எப்படிக் கூச்சமாக இருக்கும், அப்படி இருந்தது.

"நிக்கேல்லை," என்றாள். "அண்ணா, இது நிக்கவே இல்லை."

நோபேட் சிலுவைக் குறி போட்டுக்கொண்டான். பிறகுதான் அவனுக்கு ரோஷம் வந்தது. அப்படியானால் வெட்டு எங்கிருந்து? லப்டொப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். விளிம்பில் நீலவெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது.

"இதை யாரு திரும்பப் போட்டது?"

"நான்தான்," என்றார் மாமி, கொஞ்சமும் கூசாமல். "நீர் பாட்டுக்கு அணைச்சுப்போட்டுப் போயிட்டீர். அங்கை ரொறன்ரோவிலை மகள் எழும்பிப் பார்த்தால் பச்சைப் பொட்டைக் காணாது. போன மாசம் கறன்ற் போன நேரம் அவள் கொழும்பிலை இருக்கிற சொந்தக்காரர் எல்லாருக்கும் கோல் அடிச்சு, கடைசியிலை செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் அடிச்சவள். தெரியுமோ?"

நோபேட்டுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. றமீலா இயர்போனைக் கழற்றி மாமியின் காதில் வைத்தாள்.

மாமி முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு சுளிப்பு மெல்ல மெல்ல விரிந்தது. நாலு பிள்ளை பெற்றவர். ஒன்றின் இருதயத்தையும் இப்படிக் கேட்டதில்லை. "என்ரை ஐயோ," என்றார் மெதுவாக. "இவ்வளவு வேகமாவோ ஓடுறது?" வெகுநேரம் அப்படியே குனிந்து நின்றார்.

நிமிர்ந்ததும் நேராக லப்டொப்புக்குப் போய், ரொறன்ரோவை எழுப்பினார். நித்திரை முகத்தோடு கனகேஸ்வரி திரையில் வந்தாள். "பிள்ளை, பயப்பிடாதை. இப்ப கொஞ்ச நேரம் லைனை மூடப்போறன். குண்டும் இல்லை, பொலிசும் இல்லை. உன்ரை மருமகப்பிள்ளை கதைக்கப்போகுது," என்றார். மகள் வாயைத் திறப்பதற்குள் சுவிட்சைத் தன் கையாலேயே தள்ளினார்.

பதிவு முடிந்தது. திரையில் கோடு ஓர் அந்தத்திலிருந்து மறு அந்தம்வரை வெட்டில்லாமல் கிடந்தது. நோபேட் அதை ஒட்டி ஒட்டி நீளமாக்கி முடிக்கவும் ரெலிபோன் அடித்தது.

"பிள்ளை எப்பிடி?" என்றான் சிவபாலன்.

"நீங்களே கேளுங்கோ," என்று சொல்லி றமீலா றிசீவரை ஸ்பீக்கரில் வைத்தாள். நோபேட் தட்டினான். தையல் மெஷின் ஓடத் தொடங்கியது. மூன்று பேரும் றிசீவரைச் சுற்றி நின்றார்கள். ஓடியது, ஓடியது, பதிவு முழுவதும் ஓடி முடிந்தது.

அவள் றிசீவரைக் காதில் வைத்தாள். "கேட்டதோ?"

பதில் இல்லை. அந்தப் பக்கத்தில் ஆட்கள் சரசரக்கிற சத்தம் மட்டும். லைன் போய்விட்டதோ என்று நினைத்தாள். "ஹலோ? இருக்கிறியளோ?"

"ஓம் பிள்ளை, இருக்கிறம்," என்றது முன்பின் தெரியாத ஒரு பெண்குரல். "உம்மடை அவர் சுவரைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார், கதைக்கிற நிலையிலை இல்லை. இங்கை வரிசையிலை நிண்ட ஆக்கள் ஒவ்வொருத்தரா வாங்கிக் கேட்டவை. கடைக்காரத் தம்பியும் கேட்டவர், நேரத்தைப் பற்றி யோசிக்க வேண்டாமாம். இன்னும் கொஞ்சப் பேர் கேக்கேல்லை அம்மா. நிப்பாட்டாமல் இன்னொருக்காப் போட்டுவிடும்."

றமீலா நோபேட்டுக்குக் கையைக் காட்டினாள். அவன் மறுபடி முதலிலிருந்து போட்டான்.